பெயின்ட் வேண்டாத இரும்பு... எண்ணூர் உப்புக் காற்றைத் தாங்குமா?

சென்னை:

பெயின்ட் அடிக்கவே வேண்டாம். மழையில் விடுங்க, வெயிலில் விடுங்க, நல்லா துரு பிடிக்கட்டும். அந்தத் துருவே இரும்பைக் காப்பாத்தும்...

இப்படிச் சொல்லி ஒருவர் இரும்பு விற்க வந்தால், "யாருகிட்ட கதை விடுற?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் அப்படி ஒரு இரும்பு நிஜமாகவே இருக்கிறது. அதன் பெயர் கார்டென் ஸ்டீல். காதில் 'கார்டன்' என்று விழும். தோட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

துறைமுகத்தில் அடுக்கடுக்காக நிற்கும் கன்டெய்னர்கள் இந்த இரும்பில் செய்தவைதான். நிலக்கரி ஏற்றிப் போகும் பழைய கூட்ஸ் வேகன்களும், நீல நிற பழைய ரெயில் பெட்டிகளின் உடம்பும் இதே வகைதான். இப்போது பணக்கார வீடுகளின் கேட்டு, காம்பவுண்டு சுவர், பூந்தொட்டி என்று 'துரு கலர்' பேஷனாகவும் வந்து விட்டது.

சிக்கல் என்னவென்றால், "பெயின்ட் வேண்டாம்" என்ற பேச்சை நம்பி இதைக் கடற்கரை ஓரத்தில் அப்படியே நிறுத்தினால், சாதா இரும்பு போலவே பொருக்கு பொருக்காக உதிர ஆரம்பித்து விடும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் ஷெட்டு, படிக்கட்டு, நடைமேடை போடுபவர்களும், பழைய கன்டெய்னர் வாங்கி கடை வைப்பவர்களும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. காசு போவது ஒரு பக்கம். அரித்துப் போன படியில் கால் வைக்கிறவன் உயிர் இன்னொரு பக்கம்.

துருவிலும் நல்ல துரு உண்டு

1933-ல் அமெரிக்காவின் யு.எஸ்.ஸ்டீல் கம்பெனி இந்த இரும்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முதலில் நிலக்கரி வேகன் செய்யத்தான் வாங்கினார்கள். கட்டிடக்காரர்கள் கண்ணில் பட 30 வருடம் ஆனது. 1964-ல் ஜான் டீர் டிராக்டர் கம்பெனி அமெரிக்காவின் மொலீன் நகரில் தலைமை அலுவலகம் கட்டியபோது, பெயின்ட் இல்லாமல் இந்த இரும்பையே வெளியில் தெரியும்படி நிறுத்தினார்கள். அங்கிருந்துதான் துரு கலர் மோகம் ஆரம்பம்.

உள்ளே என்ன விசேஷம்? கொஞ்சம் செம்பு, கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் பாஸ்பரஸ், சிலவற்றில் நிக்கலும் சேரும். செம்பு என்றால் கால் சதவீதத்தில் இருந்து அரை சதவீதம் சுமார். அவ்வளவுதான். குழம்பில் பெருங்காயம் போடுகிற மாதிரி.

சாதா இரும்பில் வரும் துரு பொலபொலவென்று இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரும் காற்றும் உள்ளே புகுந்து, அடியில் இருக்கும் இரும்பையும் தின்னும். கார்டெனில் வரும் துரு நெருக்கமாக, மாவு போல் நைசாக, இரும்போடு ஒட்டிக் கொண்டு நிற்கும். காயத்தின் மேல் பொருக்கு கட்டுகிற மாதிரி. பொருக்கு கட்டி விட்டால் உள்ளே காயம் ஆறும் அல்லவா? அதே கதைதான். நல்ல இடத்தில் இரண்டு மூன்று வருடத்தில் இந்தப் பொருக்கு உறுதியாகி விடும். அதன் பிறகு வருடத்துக்கு ஐந்தாறு மைக்ரான்தான் தேயும். ஒரு மில்லி மீட்டர் என்பது ஆயிரம் மைக்ரான். அப்படியென்றால் எத்தனை காலம் நிற்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. நனைய வேண்டும், பிறகு நன்றாகக் காய வேண்டும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் பொருக்கு இறுகும். எப்போதும் ஈரமாகவே இருந்தால், கையை வைத்துச் சொறிந்து கொண்டே இருக்கும் புண் மாதிரி ஆறவே ஆறாது.

டெல்லி குதுப்மினார் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூண் 1,600 வருடமாக அரிக்காமல் நிற்பதை எல்லோரும் படித்திருப்போம். அதிலும் பாஸ்பரஸ் அதிகம். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் பல வருடம் அதை ஆராய்ந்து, பாஸ்பரஸ் உதவியால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் கட்டியிருப்பதை எழுதினார். டெல்லிக் காற்று வறண்டது என்பதும் அதற்கு ஒரு சாதகம். அதே தூணை எண்ணூர் முகத்துவாரத்தில் நட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

உப்பு வந்தால் கதையே மாறுது

அடுக்களையில் கல் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மழைக் காலத்தில் உப்பு நீர்த்துப் போகும். காரணம், உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு என்று இன்னொன்றும் கலந்திருக்கிறது. அது இன்னும் மோசம். 33 சதவீதத்திலேயே தண்ணீரை இழுத்து விடும்.

சென்னையில் காற்றின் ஈரம் எவ்வளவு என்று சட்டை முதுகைப் பார்த்தாலே தெரியும். ஆக, இரும்பின் மேல் உப்பு படிந்து விட்டால் அது காயவே காயாது. பார்க்க உலர்ந்த மாதிரி இருக்கும். அடியில் ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர் படலம் இருந்து கொண்டே இருக்கும். 'நனைந்து காய வேண்டும்' என்ற நிபந்தனை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இன்னொரு விஷயம். உப்பில் இருக்கும் குளோரைடு இரும்பை அரிக்க வைக்கும், ஆனால் அது செலவாகாது. புரோக்கர் மாதிரி. ஒரு இடத்தில் காரியத்தை முடித்து விட்டு, அப்படியே அடுத்த இடத்துக்குப் போய் விடும். அதனால்தான் துருவுக்கு உள்ளே உப்பை வைத்துக் கொண்டு மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும், ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. "பெயின்ட் டூப்ளிகேட்டு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். பாவம், பல நேரம் அவர் மேல் தப்பே இருக்காது.

ஆலைப் புகை எப்படி? கந்தகப் புகை அளவோடு இருந்தால் கார்டென் சமாளித்து விடும். நிலக்கரி புகை மண்டிய ஊர்களில்தான் அது பெயர் வாங்கியது. உப்பும் கந்தகமும் சேர்ந்து வரும்போதுதான் தாங்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் மணலி ஆலைகள்... வடசென்னைக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது.

கடலில் இருந்து எத்தனை கிலோ மீட்டர்?

இதற்கு வெளிநாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பாலம் கட்டுபவர்களுக்கு, கடற்கரையில் இருந்து 2 கிலோ மீட்டருக்குள் கார்டென் வகை இரும்பை பெயின்ட் இல்லாமல் போடாதே என்று வழிகாட்டுதல் உண்டு.

ஜப்பான்காரர்கள் இன்னும் கறார். எந்தக் கடல் என்று பார்த்து தூரம் சொல்கிறார்கள். உள்கடல் பக்கம் என்றால் 1 கிலோ மீட்டர். பசிபிக் கடல் பக்கம் என்றால் 2 கிலோ மீட்டர். குளிர்காலத்தில் வேகமாகக் காற்று அடிக்கும் ஜப்பான் கடல் பக்கம் 5 கிலோ மீட்டர். அதிலேயே சில பகுதிகளில் 20 கிலோ மீட்டர்! ஒகினாவா தீவிலோ, எங்கேயும் கூடாது என்றே ஒதுக்கி விட்டார்கள். அந்த தூரத்துக்குள் கட்ட வேண்டும் என்றால் காற்றில் எவ்வளவு உப்பு வருகிறது என்று அளந்து காட்ட வேண்டும். ஒரு சாண் அகலம் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இடத்தில், அதாவது 100 சதுர சென்டி மீட்டரில், ஒரு நாளைக்கு 0.05 மில்லி கிராமுக்கு மேல் உப்பு படியக் கூடாது. கண்ணுக்கே தெரியாத அளவு அது.

இந்தக் கணக்கை நம்ம ஊருக்கு வைத்துப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரம் எல்லாம் 2 கிலோ மீட்டருக்கு உள்ளேயே வந்து விடும். மணலி கொஞ்சம் தள்ளி. ஆனால் தள்ளி இருப்பதால் மட்டும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. மத்தியானம் ஆனதும் கடல் காற்று ஜிலுஜிலுவென்று உள்ளே வருகிறதே, அது உப்பையும் சேர்த்துத்தான் தூக்கி வருகிறது.

நம்ம ஊருக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. இங்கே மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்து விடும். ஜனவரி முதல் மே வரை கழுவி விட ஆள் இல்லை. அந்த ஐந்து மாதமும் உப்பு சேர்ந்து கொண்டே போகும்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது 'சிக்ரி', நாடு முழுக்க எந்த ஊரில் இரும்பு எவ்வளவு அரிக்கிறது என்று மாதிரித் தகடுகளை வைத்துப் பார்த்து வரைபடமே போட்டிருக்கிறது. ராமேசுவரம் போகிற வழியில் மண்டபத்தில் கடலோரமாக அவர்களுக்கு சோதனை இடம் உண்டு. அந்தப் பக்கத்து காற்று என்ன செய்யும் என்று பழைய பாம்பன் ரெயில் பாலத்துக்குத் தெரியும். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தை, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, தகடு மாற்றி 100 வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் ரெயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறந்த புதிய பாலத்தில், துருவை நம்பி யாரும் விட்டு விடவில்லை. பாலிசிலாக்சேன் என்ற உயர்ரக பெயின்ட், கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, இடுக்கு வராதபடி முழு வெல்டிங் என்று செலவு செய்துதான் கட்டினார்கள்.

மழை படாத இடம்தான் ஆபத்து

பலரும் ஏமாறுவது இங்கேதான். மழையில் நனையும் பக்கம்தான் அரிக்கும், கூரைக்கு அடியில் இருப்பது பத்திரம் என்று நினைப்போம். கடலோரத்தில் நேர் எதிர்!

மழை படும் பக்கத்தில் உப்பை மழையே கழுவி விடும். வெயில் பட்டு காயும். கூரைக்கு அடிப்பக்கம், உத்தரத்தின் கீழ் விளிம்பு, படிக்கட்டின் அடிப்புறம், கன்டெய்னரின் வயிறு... இங்கெல்லாம் உப்புக் காற்று போகும், மழை போகாது. உப்பு வருடக் கணக்கில் படிந்து கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் அழகான செம்பழுப்பு நிறம். கீழே குனிந்து பார்த்தால் அப்பளம் அப்பளமாக உரிந்து கிடக்கும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் இருக்கிறது. ஹோனலூலு நகரத்தில் 1975-ல் அலோஹா ஸ்டேடியம் என்று பிரமாண்ட விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். இரும்பு அத்தனையும் கார்டென் வகை. தானாகத் துரு பிடித்து தானாகக் காத்துக் கொள்ளும், பராமரிப்புச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். கடல் காற்று அந்தக் கணக்கைத் தப்பாக்கியது. துரு நிற்கவே இல்லை. சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் தகடு மாற்றுவதுமாக ஏகப்பட்ட பணம் போனது. கடைசியில் 2020 டிசம்பரில், ரசிகர்களை உள்ளே விடும் புதிய நிகழ்ச்சிகள் எதற்கும் இனி அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள். மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமும் போன கதை.

பெரம்பூர் சொல்லும் பாடம்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1955 முதல் ஓடிக் கொண்டிருக்கும் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையின் பழைய மாடல் பெட்டிகளைப் பார்த்தாலே போதும். அந்தப் பெட்டிகளின் உடம்பு கார்டென் தகடு. பெயின்டும் அடித்துத்தான் ஓட்டினார்கள். அப்படியும் பெட்டிகள் மராமத்துக்கு வரும்போது அரித்திருக்கும் இடம் எது தெரியுமா? பக்கவாட்டு சுவர் அல்ல. கழிவறைக்குக் கீழே இருக்கும் தரைத் தகடு, வாசல் படி ஓரம், அடிச் சட்டத்தின் மூலைகள். தண்ணீரும் சிறுநீரும் ஒழுகித் தேங்கும் இடங்கள். சிறுநீரிலும் உப்புதான் இருக்கிறது!

2018 ஜனவரியோடு ஐ.சி.எப். பழைய மாடல் பெட்டி செய்வதை நிறுத்தி விட்டது. இப்போது வரும் எல்.எச்.பி. பெட்டிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கூட்ஸ் வேகன்களிலும் பல வகை ஸ்டெயின்லெசுக்கு மாறி விட்டன. ஈர நிலக்கரியும் உரமும் உப்பும் ஏற்றினால் எந்தத் துருப் பொருக்கும் தாங்காது என்று ரெயில்வேக்கு நன்றாகவே புரிந்து விட்டது.

அப்போ கார்டென் வாங்குவதே வேஸ்டா?

இல்லை. பெயின்ட் அடித்தால் கார்டென் நல்ல இரும்பு. சாதா இரும்பை விட நல்ல இரும்பு.

கன்டெய்னரையே எடுத்துக் கொள்ளுங்கள். அதன் சுவர் 1.6 மில்லி மீட்டரோ 2 மில்லி மீட்டரோதான். கப்பல் மேல் தளத்தில் உப்புத் தண்ணீர் குளியல் போட்டுக் கொண்டே ஊர் ஊராகப் போகிறது. அதற்கு பெயின்ட் அடிக்காமல் யாரும் அனுப்புவதில்லை. பின்னே கார்டென் எதற்கு? கிரேன் உரசி, லாரி இடித்து பெயின்ட் பெயர்ந்த இடத்தில், சாதா இரும்பு என்றால் துரு பெயின்டுக்கு அடியில் வேகமாகப் பரவும். கார்டெனில் அது மெதுவாகத்தான் நகரும். அந்த அவகாசத்துக்குத்தான் கூடுதல் விலை. பெயின்டுக்கு பதில் கார்டென் இல்லை, பெயின்டோடு சேர்த்து கார்டென்.

தகட்டின் கனமும் முக்கியம். சர்வதேச தரக் கணக்குப்படி, கடலும் ஆலையும் சேர்ந்த இடங்களில் பெயின்ட் இல்லாத சாதா இரும்பு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும். ஒரு பேச்சுக்கு வருடம் 100 மைக்ரான் என்று வையுங்கள். 1.6 மில்லி மீட்டர் தகடு இரண்டு பக்கமும் தேய்ந்தால் எட்டு வருடத்தில் ஒன்றுமே மிஞ்சாது. ஓட்டை அதற்கு முன்பே விழுந்து விடும். பாலம் கட்டுபவர்கள் கார்டென் வைக்கும்போது, கடலோரம் இல்லாத நல்ல இடத்திலேயே, ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 முதல் 1.5 மில்லி மீட்டர் 'தேயட்டும்' என்று கூடுதல் கனம் கொடுப்பார்கள். ஷெட்டு தகட்டில் அந்தக் கூடுதலுக்கு எங்கே போவது?

வாங்கும்போது இன்னொன்று. பார்த்து மட்டும் இது கார்டென், இது சாதா என்று யாராலும் சொல்ல முடியாது. துரு பிடித்த எல்லாமே துரு கலரில்தான் இருக்கும். மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். செம்பு, குரோமியம் எவ்வளவு என்று அதில் இருக்கும். இல்லை என்றால் விலையும் சாதா இரும்பு விலைதான் என்று பேசுங்கள்.

முதல்ல தண்ணி... அப்புறம்தான் பெயின்ட்

நம்ம ஆட்கள் வழக்கம் என்ன? ஒயர் பிரஷ் போட்டு நாலு இழுப்பு. மேலே ரெட் ஆக்சைடு ஒரு கோட். காய்ந்ததும் எனாமல் பெயின்ட். முடிந்தது வேலை. உள்ளூரில் வீட்டு ஜன்னல் கம்பிக்கு இது போதும். கடலோர ஆலைக்குப் போதாது.

முதல் வேலை கழுவுவது. பிரஷரில் நல்ல தண்ணீர் அடித்து உப்பை இறக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அடிக்கோடு போட்டுக் கொள்ளுங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறி பல வருடம் ஆகிறது. திருவொற்றியூர், எண்ணூர் போர் தண்ணியும் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதில் உப்பைப் பூசுகிறோம் என்று அர்த்தம். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்றாதீர்கள். லாரி தண்ணீர் வாங்கினாலும் பரவாயில்லை.

அடுத்தது பிளாஸ்டிங். துருவை அடித்துப் பெயர்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு சுத்தம் செய்ய வேண்டும். 'எஸ்.ஏ. இரண்டரை' என்று கான்டிராக்டர்கள் சொல்வது இந்த அளவைத்தான். கடலோரத்தில் பல வருடம் நின்ற கார்டெனில் இது லேசில் முடியாது. குழி குழியாக அரித்து, குழிக்குள் உப்பு ஒளிந்திருக்கும். பிளாஸ்டிங் முடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் கரும்புள்ளி கரும்புள்ளியாகத் தெரிந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி கழுவி, மறுபடி பிளாஸ்டிங். உப்பு போய் விட்டதா என்று ஒட்டிப் பார்க்கும் பட்டை சோதனையும் உண்டு. கப்பல்களின் தண்ணீர்த் தொட்டிக்கு பெயின்ட் அடிக்கும்போது, சதுர மீட்டருக்கு 50 மில்லி கிராமுக்கு மேல் உப்பு இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. பெரிய ஆலைகளில் இதே மாதிரி அளவு கேட்பார்கள்.

இங்கே தொழிலாளி ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்று மணலை வைத்து காய்ந்த பிளாஸ்டிங் செய்தால் கிளம்பும் தூசி நுரையீரலில் போய் உட்காரும். சிலிகோசிஸ் என்ற நோய். வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. முகத்தில் கைக்குட்டை கட்டினால் அது தடுக்காது. மணலுக்கு பதில் ஸ்டீல் கிரிட் அல்லது கார்னெட், தலைக்கு காற்றுக் குழாயோடு கூடிய ஹூட்... இது இல்லை என்றால் வேலையைத் தொடாமல் இருப்பதே மேல். அதே போல, வெகு நாள் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் துரு சுரண்ட எடுத்த எடுப்பில் இறங்கக் கூடாது. துரு பிடிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய தொட்டியில் இருக்கும் ஆக்சிஜனை துருவே இழுத்துக் கொண்டிருக்கும். வாசனை இருக்காது, கண் எரியாது, உள்ளே இறங்கினால் ஆள் அப்படியே சாய்ந்து விடுவார். தூக்கப் போகிறவரும் சாய்வார். மூடியைத் திறந்து, காற்று அடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்கவே கூடாது.

பெயின்ட் மூன்று அடுக்கு. அடியில் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர், 60 முதல் 75 மைக்ரான். நடுவில் எபாக்சி கனமாக. மேலே வெயிலைத் தாங்க பாலியூரித்தேன். மொத்தம் 250 முதல் 320 மைக்ரான் வந்தால் கடலோர ஆலைக்கு சரி. எபாக்சியை மட்டும் அடித்து நிறுத்தினால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். விளிம்பு, மூலை, போல்டு தலை, வெல்டிங் தையல் இவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை கொடுத்து விட்டுத்தான் ஸ்பிரே. பெயின்ட் விளிம்பில் எப்போதுமே ஒதுங்கி மெல்லிசாகி விடும். துரு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

நேரம் முக்கியம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக் கூடாது. விடிகாலையில் இரும்பு பனி பூத்து வியர்த்திருக்கும். நம்ம ஊரில் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பிப்பது நல்லது. காலையில் பிளாஸ்டிங் செய்த இடத்துக்கு அன்றே பிரைமர் போட்டு விட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ராத்திரி கடல் காற்று தன் வேலையைக் காட்டி விடும்.

கால்வனைஸ் செய்து விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கார்டெனில் சிலிக்கானும் பாஸ்பரசும் அதிகம் என்பதால் துத்தநாகப் பூச்சு தடித்து, மங்கலாக, சில நேரம் உதிரும் பதத்தில் வந்து விடும். பட்டறையில் முன்கூட்டியே இது கார்டென் என்று சொல்லி, ஒரு துண்டை முக்கிப் பார்ப்பது நல்லது.

போல்டுல கோட்டை விடாதீங்க

பெயின்ட் இல்லாத கார்டெனுக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜி.ஐ. போல்டு போட்டால், பெரிய தகட்டுக்காக அந்தச் சின்ன போல்டின் துத்தநாகம் பலியாகி, சீக்கிரமே போல்டு மொட்டையாகி விடும். கார்டென் போல்டு அல்லது ஸ்டெயின்லெஸ் போல்டுதான் போட வேண்டும். வெல்டிங் ராடும் அப்படித்தான். வெளியில் தெரியும் கடைசி அடுக்குக்காவது செம்பு, நிக்கல் கலந்த ராடு வேண்டும். இல்லாவிட்டால் தகடு நிற்கும், தையல் மட்டும் கோடு போட்ட மாதிரி உள்ளே போய் விடும்.

இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று சேரும் இடுக்குதான் மிகப் பெரிய தலைவலி. இரும்பு துருவானால் பல மடங்கு உப்பும். இடுக்குக்குள் உப்பினால் தகட்டை வளைத்து, போல்டையே முறிக்கும் அளவுக்கு பலம். அதனால்தான் போல்டுகளுக்கு இடையே தகட்டின் கனத்தைப் போல 14 மடங்குக்கு மேல் இடைவெளி விடாதே என்று வெளிநாட்டு விதிகள் சொல்கின்றன. 10 மில்லி மீட்டர் தகடு என்றால் 140 மில்லி மீட்டருக்குள் அடுத்த போல்டு. முடிந்தால் சுற்றி முழு வெல்டிங், இல்லாவிட்டால் சீலன்ட்.

தூண் தரையில் நிற்கும் இடத்தில் மண்ணும் குப்பையும் குவிய விடக் கூடாது. கரித் தூள் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்தால், ஆள் உயரத்தில் தகடு பளிச்சென்று இருக்க, பாதம் மட்டும் அரித்துப் போயிருக்கும்.

சுத்தியலும் செலோ டேப்பும்

ஏற்கனவே நின்று கொண்டிருக்கும் கார்டென் நல்ல துருவா கெட்ட துருவா என்று பார்க்க லட்ச ரூபாய் மிஷின் வேண்டாம். ஜப்பானில் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் செலோ டேப் எடுத்துப் போகிறார்கள். துருவின் மேல் ஒட்டி, அழுத்தி, உரித்துப் பார்ப்பார்கள். மாவு மாதிரி ஒரு மில்லி மீட்டருக்குள் நைசான துகள் வந்தால் நல்ல துரு. ஐந்து மில்லி மீட்டர் வரை வந்தாலும் பொறுத்துக் கொள்ளலாம், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் செதில் செதிலாக வந்தால் ஆபத்து ஆரம்பம். விரல் அகலத்துக்கு மேல் பாளம் பாளமாகப் பெயர்ந்தால் அந்த இரும்பு காத்துக் கொள்வதை நிறுத்தி எப்போதோ ஆகி விட்டது.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நம்ம ஊர் வழி. கணீர் என்றால் கனம் இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே பாளம் விட்டிருக்கிறது. படிக்கட்டு, நடைமேடை, கைப்பிடி என்று மனுஷன் பாரம் தாங்கும் இடம் என்றால் தட்டிப் பார்த்ததோடு விடாமல், கனம் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து அளந்து, வருடா வருடம் அதே இடத்தில் அளந்து எழுதி வைக்க வேண்டும். நோட்டில் எழுதினாலே போதும். போன வருடம் 5.6, இந்த வருடம் 5.2 என்றால் அந்தப் படி எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட இன்ஜினீயர் தேவையில்லை.

கோடையில் மாதம் ஒரு முறை, மழை படாத அடிப்பக்கங்களுக்கு நல்ல தண்ணீர் அடித்து விடுவது மலிவான வைத்தியம். பெயின்ட் அடித்த இரும்புக்கும் இது பொருந்தும்.

பழைய கன்டெய்னர் வாங்கப் போறீங்களா?

டீக்கடை, சைட் ஆபீஸ், குடோன் என்று பழைய கன்டெய்னர் வாங்குபவர்கள் பெரும்பாலும் புதிதாக அடித்த பெயின்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பட்டப் பகலில் போங்கள். உள்ளே நின்று கொண்டு, வெளியில் ஒரு ஆளை நிறுத்தி, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டில் ஊசி முனை மாதிரி வெளிச்சம் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. கூரையையும், சுவர் தரையைத் தொடும் மூலைகளையும் நிதானமாகப் பாருங்கள். பிறகு வெளியே வந்து குனிந்து, அடியில் குறுக்காகப் போகும் சட்டங்களைப் பாருங்கள். மரப் பலகைத் தரையைத் தாங்குவது அவைதான். சுத்தியல் முனையால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், பலகை மேல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த கன்டெய்னரை விட்டு விட்டு அடுத்ததைப் பார்க்கலாம். வாங்கி வந்த பிறகு தரையில் அப்படியே உட்கார வைக்காமல், நாலு மூலைக்கும் கான்கிரீட் கட்டை கொடுத்து ஒரு அடியாவது தூக்கி வைத்தால் அடியில் காற்றும் போகும், தண்ணீர் அடிக்கும் குழாயும் போகும்.